ஃப்ளாட்டும் ஃப்ளாட்ஃபார்மும்

“இது ரெண்டும் ஒரு ஜோடியா அக்கா? நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

செருப்புக் கடையின் மேற்பார்வையாளர் பெட்டியைத் திறந்து நீட்டினாள். உள்ளே பழுப்பு நிறத்தில் இரண்டு செருப்பு. மேல்வார் அச்சு அசலாக ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் இடது கால் செருப்பு தட்டை. வலது காலுக்கோ இரண்டு விரல் கனத்துக்கு சோல்.

கடையில் எல்லோரும் ‘புது அக்கா’ என்று கூப்பிடும் விற்பனைப் பெண் எட்டிப் பார்த்தாள். “ஜோடி இல்ல மேடம்.”

“இடது ஃப்ளாட். வலது ஃப்ளாட்ஃபார்ம். அப்போ இதோட மிச்சம் ரெண்டும் எங்க?”

“போன வாரம் ஒருத்தங்களுக்குக் கொடுத்துட்டேன்.”

“பார்க்காமலேயா?”

புது அக்கா பெட்டியை வாங்கி மூடி வைத்தாள்.

மேற்பார்வையாளருக்கு முப்பது வயதுதான். ஆனால் பெண்கள் செருப்பில் அவளுக்குத் தெரியாத வகை கிடையாது. கடையில் அவளுக்கு டிக்ஷனரி என்றே பெயர். குதிகால் பக்கம் மூடாமல் கிடந்தால் மியூல், அங்கே ஒரு வார் மட்டும் ஓடினால் ஸ்லிங்பேக், குதியிலிருந்து முன்பக்கம் வரை நடுவில் சந்தே இல்லாமல் சரிந்து வந்தால் வெட்ஜ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

புது அக்காவுக்கு நாற்பத்தைந்து. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அவளுக்கு மியூல் என்றால் ‘பின்பக்கம் இல்லாதது’. ஊசிக் குதிகால் வைத்த ஸ்டிலெட்டோ என்றால் ‘ஆணி’. வருகிறவர்களுக்கு அது புரிந்தும் தொலைத்தது என்பதில் டிக்ஷனரிக்குக் கூடுதல் எரிச்சல்.

“எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அக்கா? பேரு பாதி ஒண்ணா இருந்தா செருப்பும் ஒண்ணாயிடுமா? ஃப்ளாட்னா தரையோட தரை. ஃப்ளாட்ஃபார்ம்னா முன்னாடியும் பின்னாடியும் ஒரே உசரத்துக்குக் கனமான சோல். சின்னக் குழந்தையைக் கேட்டாக்கூடச் சொல்லும்.”

“தப்புதான் மேடம். ஆனா அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடாதீங்க. அதுக்கும் ஆள் வரும்.”

“யாரு, நொண்டி விளையாடறவங்களா?”

புது அக்காவின் முகம் சட்டென்று சுருங்கியது. தன் தப்புக்குத்தான் கூனிக் குறுகுகிறாள் என்று டிக்ஷனரி நினைத்துக்கொண்டாள்.

அன்றோடு மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. வேலையில் வைத்துக்கொள்ளலாமா என்று டிக்ஷனரிதான் எழுதி அனுப்ப வேண்டும். புது அக்கா வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. அதற்காகப் பொய் எழுத முடியுமா?

‘செருப்பு வகைகளுக்குள் வித்தியாசம் தெரியுமா?’ என்ற கேள்விக்கு நேராக, ‘தெரியாது’ என்று எழுதினாள். அடுத்த வரி, ‘பணியில் தொடரலாமா?’ அதில் பேனாவை வைக்கும்போது கண்ணாடிக் கதவு திறந்தது.

கணுக்காலை மறைக்கும் நீளமான பேன்ட் போட்ட ஒரு பெண் விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

“போன வாரம் எனக்குப் பழுப்புச் செருப்பு எடுத்துக் கொடுத்தாங்களே, அந்த அக்கா இருக்காங்களா? ஒரு கால் ஃப்ளாட், ஒரு கால் ஃப்ளாட்ஃபார்ம்.”

டிக்ஷனரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மன்னிச்சுக்குங்க மேடம். அவங்க புதுசு, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மிச்ச ரெண்டும் இங்கதான் இருக்கு, இப்பவே மாத்திக் கொடுத்துடறேன்.”

“ஐயோ, மாத்திடாதீங்க.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இடது காலில் கனத்த சோல். வலது காலில் தட்டை. இரண்டு முழங்காலும் ஒரே மட்டத்தில் இருந்தன.

“ஒரு விபத்துல எனக்கு இடது கால் ரெண்டு விரல் குட்டையாயிடுச்சு. நான் வாயைத் திறந்து கேட்கவே இல்ல. நான் நடந்து வந்ததைப் பார்த்துட்டு இவங்களே ரெண்டு பெட்டியையும் ஓரமா எடுத்துட்டு வந்து போட்டு விட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கான்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.”

டிக்ஷனரி புது அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா? வேலையே போயிருக்கும்.”

“அவங்க கால் மேடம். அதை நான் எப்படிச் சொல்றது?”

வந்தவள் சிரித்தாள். “இப்போ நானே சொல்லிட்டேன், விடுங்க. அக்கா, அதே தப்பைக் கறுப்புலயும் ஒரு ஜோடி பண்ணிக் கொடுங்க. பழுப்புல மிச்சம் இருக்கிற ரெண்டையும் கட்டிடுங்க. நான் காலுக்குப் பிசியோதெரபி பயிற்சிக்குப் போற இடத்துல ஒரு டீச்சர் இருக்காங்கன்னு அன்னிக்குச் சொன்னேன்ல, அவங்களுக்கு வலது கால் குட்டை. சைஸும் இதேதான்.”

பிறகு டிக்ஷனரி பக்கம் திரும்பினாள்.

“பத்துக் கடை ஏறி இறங்கிட்டேன் மேடம். செருப்புக்கும் செருப்புக்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரிஞ்சுது. என் காலுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தவங்க இவங்க ஒருத்தர்தான்.”

டிக்ஷனரிக்குத் தான் கேட்ட அந்த நொண்டிக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பேனாவை எடுத்து ‘தெரியாது’ என்பதை அடித்தாள். அடுத்த வரியில் ‘அவசியம் தொடர வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“அக்கா, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வர்றீங்களா? எனக்கு ஒண்ணு சொல்லிக் கொடுக்கணும்.”

“நானா? உங்களுக்கா? என்ன மேடம்?”

“வித்தியாசம்.”