பன்றியைப் பழக்க வந்தவன்

மூத்திரமும் சாணமும் கலந்த சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த வெண்பன்றியின் ஈர மூக்கோடு தன் மூக்கை உரசினான் அழகுராஜா. பார்த்துக்கொண்டிருந்த பானுப்ரியா இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“ச்சீய்! என்ன மனுசன்யா இவன்?” என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“கம்முனு இரு. பழக்குறதுக்குன்னே கூட்டியாந்த ஆளு,” என்றான் கணவன் பாண்டியராஜ். “ரெண்டு தடவையும் சினை புடிக்கல. வேடசந்தூர்ல நல்ல ஆண் பன்னி இருக்காம், அனுப்பி வைக்கணும். இது வண்டியக் கண்டாலே ஊரக் கூட்டுதே!”

கல்யாணமாகித் தாடிக்கொம்புக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு அந்தப் பன்றிக் கொட்டகை ஆகாது. திண்டுக்கல் ஹோட்டல்களிலிருந்து வரும் புளித்த எச்சில் சோறு, அதில் மொய்க்கும் ஈ, எத்தனை துவைத்தாலும் சேலையை விட்டுப் போகாத வாடை. தீவனம் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

அழகுராஜா தினமும் வந்தான். பன்றியின் முதுகை அழுத்திப் பார்த்து, “நூத்தம்பது கிலோ இருக்கும்ல?” என்றான். வாழைப்பழத்தைத் தான் ஒரு கடி கடித்துவிட்டு மீதியை அதற்கு ஊட்டினான். அது நக்கிய கையாலேயே தன் வாயைத் துடைத்துக்கொண்டான். பானுப்ரியா ஓடிப்போய்க் காறித் துப்பினாள்.

“எதுக்க நின்னா மிரளும்க்கா. பக்கவாட்டுல வந்து காதுக்குப் பின்னாடி சொறிஞ்சு விடுங்க. மெதுவா உறுமுச்சுன்னா நம்மளப் புடிச்சுப் போச்சுன்னு அர்த்தம்,” என்றான் அவன்.

ஒருநாள் அவன் வரத் தாமதமானது. பன்றி தீவனத்தைத் தொடாமல் கிடந்தது. வேறு வழியில்லாமல் பானுப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு விரல் நுனியால் சொறிந்தாள். அது மெல்ல உறுமி, அவள் காலடியில் சாய்ந்து வயிற்றைக் காட்டியது. வெதுவெதுவென்ற அந்த அழுக்கு உடம்பு பாதத்தில் பட்டதும் அவளுக்குக் கூசியது. சோப்புப் போட்டுப் போட்டுக் கையைக் கழுவினாள்.

மறுநாள் யாரும் சொல்லாமலே போய்ச் சொறிந்தாள்.

வண்டி வந்த காலையில், ஏறுவதற்குச் சாய்த்து வைத்திருந்த பலகையில் முன்கால் வைத்த பன்றி அப்படியே நின்றுவிட்டது. அழகுராஜா கூப்பிட்டும் அசையவில்லை.

“நீங்க கூப்பிடுங்கக்கா. இப்ப ஒங்க பேச்சத்தான் கேக்குது.”

பானுப்ரியா தானே வண்டியில் ஏறினாள். “வா தாயி, பயப்படாத. நான் இருக்கேன்ல!”

பன்றி உறுமிக்கொண்டே அவள் பின்னால் ஏறி, சேறு படிந்த மூக்கை அவள் சேலையில் தேய்த்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. காதுக்குப் பின்னால் சொறிந்து கொடுத்துவிட்டு இறங்கினாள்.

“என்னைக்குத் தம்பி திரும்பக் கொண்டாருவீங்க?”

பாண்டியராஜ் குனிந்து பலகையை எடுத்து உள்ளே தள்ளினான். அழகுராஜா கதவைச் சாத்திவிட்டு, டிரைவரைப் பார்த்துச் சிரித்தான்.

“துளிகூட மிரளலண்ணே. மிரளாத பன்னிக் கறி பூவாட்டம் இருக்கும்.”