கன்னத்துத் தங்க ஊசி

மலாயா ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் சவரியப்பன் பவளத்தின் கன்னத்தை அழுத்திப் பார்த்தார்.

“கைக்கு ஒண்ணும் தட்டுப்படலையே. எப்போ போட்டே?”

“கல்யாணத்துக்கு முன்னால, ஐயா. அழகு கூடும்னு மலாய்க்கார மந்திரவாதி, போமோ, மந்திரிச்சு ஏத்திவிட்ட தங்க ஊசி. ஆழத்துல கெடந்து குத்துது. அறுத்து எடுத்துடுங்க.”

“ஜப்பான்காரன் வந்ததுலேருந்து மயக்க மருந்து ஏது? மூஞ்சி கோரமாயிடும். சயாமுக்கு ரயில் பாதை போட அவன் புடிச்சிட்டுப் போன உன் புருஷன் வந்து என்னையத் திட்டுவான்.”

“அவரு உசுரோட வரட்டும் மொதல்ல. நீங்க அறுங்க.”

அறுத்தார். அவள் முனகக்கூட இல்லை. இன்னும் கீழே, இன்னும் கீழே என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். வாயோரம் வரை கிழித்தும் ஊசி அகப்படவில்லை.

“காணோமே, பவளம்.”

“போட்டிருந்தாத்தானே இருக்கும்.” கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். “போதும், ஐயா. நாளைக்கு சிப்பாய்ங்களுக்குப் பொண்ணு பொறுக்க லாரி வருது. மூஞ்சி நல்லா இருக்கிறவளத்தான் ஏத்துறானுங்களாம். சும்மா கேட்டா அறுத்திருப்பீங்களா?”

அவர் தையல் நூலை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

“தையல் அப்புறம் போடலாம். வெளிய என் தங்கச்சி உக்காந்திருக்கா. அவளுக்கும் ஊசி எடுத்துவிடுங்க.”