மூடிய தொலைநோக்கியில் விண்மீன் கொத்து

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன மலையுச்சியில் பட்டப்பகல். தொலைநோக்கியின் கூரை சாத்தியிருந்தது. முகப்பில் மூடியும் போட்டிருந்தது. கருவியைச் சரிபார்க்க நயாரெத் எடுத்த படம் வெறும் கறுப்பாக வரவேண்டும். ஆனால், பால்வெளியைச் சுற்றும் குட்டி விண்மீன் மண்டலமான மகெல்லன் மேகத்தின் உருண்டை விண்மீன் கொத்து திரையில் நின்றது. அடுத்தடுத்த படங்களிலும் அதுவே.

"பழைய படத்தைத் திறந்து வச்சிட்டு என்னைக் கூப்பிடுறியா? மதியமே பிஸ்கோ சரக்கு போட்டுட்டியா?" என்று சிரித்தபடி வந்தான் உடன் வேலைசெய்யும் எவாரிஸ்டோ. பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. எப்போதும் ஒரே வெளிச்சமாய்க் குழம்பித் தெரியும் நடுப்பகுதியில்கூட ஒவ்வொரு விண்மீனும் தனித்தனியாக மின்னியது.

"யம்மா, என்ன அழகு! இப்படி யாருமே பார்த்ததில்ல நயா."

"எங்கேயோ வெளிச்சம் கசியுது. சரிபண்ணலன்னா ராத்திரி வேலையை நிறுத்திடுவாங்க" என்று அவள் ஏணியேறினாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

கீழே திரைமுன் நின்ற எவாரிஸ்டோ கத்தினான்: "கையை எடு நயா, மறைக்குது!"