அழித்த கோடு

ஊரார் வீட்டுச் சுவரில் யார் கை வைத்தாலும் கத்துகிற பெயிண்டர், இன்று தன் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறார். ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து ஐந்து மாதமாகிறது. தோள் இந்த அளவுக்கு இறங்கி, பத்து எண்ணும்வரை நின்றால்தான் மறுபடி ஏணி ஏறலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். குதிகால்கள் சுவரை விட்டு ஓரடி தள்ளியிருக்க, இடது கை நாற்காலியைப் பிடித்திருக்க, அவர் முழங்காலை மடக்கி மெல்ல இறங்குகிறார். சட்டை சுவரில் உரசுகிறது. ஜன்னல் வெயிலில் தொடை நடுங்குவது தெரிகிறது. “இடுப்பு சுவரை விட்டு வருதுங்க,” என்று மனைவி அந்த இடைவெளியில் கையை நுழைக்கிறாள். அவர் வயிற்றை எக்கி அழுத்துகிறார், கை சிக்கிக்கொள்கிறது. தோள் கோட்டைத் தொடுகிறது. “போதும், வந்தாச்சு,” என்கிறாள் அவசரமாக. அவர் ஓரக்கண்ணால் சுவரைப் பார்க்கிறார். கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே ரப்பரால் தேய்த்த மங்கல் தெரிகிறது. முப்பது வருஷம் சுவரையே பார்த்த கண்ணுக்கு அது தப்புமா? “கோட்டை அழிச்சு மேல போட்டிருக்கியே, என் கண்ணுலயே மண்ணைத் தூவுறியா?” “நேத்து நீங்க வலியில பல்லைக் கடிச்சதைப் பார்க்க முடியலைங்க.” “அப்ப பார்க்காத. எண்ணு.” நாற்காலியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விடுபடுகின்றன. தோள் புதுக் கோட்டைத் தாண்டி இறங்கி, மங்கலை மூடி நிற்கிறது. அவள் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, சிக்கிய கையை உருவாமலே, “ஒண்ணு...” என்கிறாள்.