மூட்டைக்குப் பின்னால்

அக்கா, நான் மதியழகன். இந்த இருபத்திரண்டு வயதில், மலேசியாவில் ஜொகூர் பாருவில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்து நிற்பதுதான் என் வேலை. விலா வலிப்பதால் படுத்துக்கொண்டே பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. மணிக்கட்டு மடங்கினால் குத்து மூட்டையோடு நின்றுவிடும். நேராக இருந்தால் மூட்டையைத் தாண்டி என் விலாவுக்கு வரும். அதனால் மாஸ்டர் ஒவ்வொரு குத்துக்கும் என்னைத்தான் கேட்பார்: "டேய் மதி, வந்துச்சா?" வந்தது என்று நான் சொன்னால்தான் குத்துகிறவனை விடுவார். ஒருநாள் வலி தாங்காமல், வராத குத்துக்கும் "வந்துச்சு மாஸ்டர்" என்றேன். குத்தியவன் அதே மடங்கிய கையோடு போட்டிக்குப் போய் மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். மாஸ்டர் என்னை அடிக்கவில்லை. கையுறையை என் கையில் மாட்டிவிட்டார். "எது சரியான குத்துன்னு உன் விலாவுக்குத்தான்டா தெரியும். இனிமே நீ குத்திக் காட்டு. மூட்டையப் புடிக்க உன் தம்பிய வரச்சொல்லு." நான் தலையாட்டிவிட்டேன். நேற்று தம்பி பரிதி போனில் கேட்டான்: "அண்ணே, வேல கஷ்டமா?" "சும்மா மூட்டையப் புடிக்கிறதுதான்டா" என்றேன். வெள்ளிக்கிழமை இங்கே வர விமானம் ஏறுகிறான். அக்கா, அவனிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பு. நான் "வந்துச்சா" என்று கேட்கும்போது, வலித்தால் மட்டும் "வந்துச்சு" என்று சொல்லட்டும்.