கல்லறைத் திருநாள் பட்டியல்

ஜெபமாலைப் பவனி, விளையாட்டு விழா, பழைய மாணவியர் கூட்டம் என்று அக்டோபர் முழுக்கக் கல்லூரியின் எல்லாப் பட்டியல்களையும் ஜெசிந்தா மிஸ்தான் எழுதினாள். அடியில் பொறுப்பாளராகத் தன் பெயரைப் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. கல்லறைத் திருநாள் பூசையில், அவள் எழுதிக் கொடுத்த பட்டியலிலிருந்து இறந்துபோன ஆசிரியர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்த புது ஃபாதர், கடைசியாக அவள் பெயரையும் வாசித்துவிட்டார்.

"நித்திய இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே" என்று முந்நூறு மாணவிகளும் தூக்கக் கலக்கத்தில் சொன்னார்கள்.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அமலி மிஸ் பதறிப்போய் எழப் பார்த்தாள். "உங்க பேரு மிஸ். நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சும்மா இருங்க. இளைப்பாற்றி மூணு தடவ கேப்பாங்க. இன்னும் ரெண்டு இருக்கு."

சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள்.