கடைசிப் பாட்டின் பியானோ

"அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருந்திருக்கவே இருக்காதுங்க!"

கிளாஸ்கோ மழையில், அரங்கத்துக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டு மர்டோ இப்படிப் பொரிந்து தள்ளினான். அவன் திட்டியது சொந்தக்காரியையோ பக்கத்து வீட்டுக்காரியையோ அல்ல. ஒரு பாட்டில் வருகிறவளை.

'ஈரக் குடைகள்' என்ற ராக் குழு இருபது வருடங்களுக்கு முன்னால் தானே காசு போட்டு வெளியிட்ட ஒரே ஆல்பம் 'கடைசிப் படகு'. பெரிய கம்பெனி எதுவும் அதைச் சீண்டவில்லை. ரேடியோவிலும் வரவில்லை. ஆனால் மர்டோவிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் நீங்கள் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.

கலைந்துபோன குழு இன்றைக்கு மறுபடி கூடி, ஆல்பம் முழுவதையும் முதல் பாட்டிலிருந்து வரிசையாக வாசிக்கப்போகிறது. மர்டோ வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இன்வர்னெஸ்ஸிலிருந்து ரயிலேறி வந்துவிட்டான்.

அவனுக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மழைக்கோட்டுடன் நின்றாள். கிர்ஸ்டி என்று பெயர் சொன்னாள். கையில் வினிகர் தெளித்த சிப்ஸ் பொட்டலம்.

"யாரை இப்படித் திட்டறீங்க?"

"அவர்கிட்ட வாய் கொடுக்காதீங்கம்மா," என்றார் முன்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர். "என் காதுல ரத்தம் வராத குறை."

மர்டோ அதைக் காதில் வாங்கவில்லை. "கடைசிப் பாட்டுல வர்றாளே, அவளைத்தான். நம்ம பாடகன் கேலம் எப்படி உருகி உருகிப் பாடியிருக்கான்! அவ என்னடான்னா காலைல எழுந்து படகேறிப் போயிட்டா. ஒரு தடவ திரும்பிப் பாக்கல. நாயையும் கூட்டிட்டுப் போயிட்டா, பாருங்க!"

"நாய் அவளோடதா இருந்திருக்கும்," என்றாள் கிர்ஸ்டி, சிப்ஸை மென்றபடி.

வழுக்கைத் தலைக்காரர் சிரித்துவிட்டார்.

"விளையாடாதீங்க. இந்த வரிசைல யாரை வேணா கேளுங்க. இருபது வருஷமா அவளைத் திட்டாத ஆளே கிடையாது."

"பாடறவர் சொல்றது மட்டும்தானே நமக்குத் தெரியும்?"

"அந்தக் குரலைக் கேட்டுட்டு அவன் பொய் சொல்றான்னு சொல்ல முடியுமா?"

கிர்ஸ்டி பொட்டலத்தைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"நான் வீட்டுக்குக் கிளம்பறேன். மழை வேற விடற மாதிரி தெரியல."

மர்டோ பதறிப்போனான். வாய்தான் நீளமே தவிர மனசு நல்ல மனசு. டிக்கெட் வாங்கிய ஒருத்தி இந்த ஆல்பத்தைக் கேட்காமல் போவதை அவனால் தாங்க முடியவில்லை.

"ஐயையோ, போகாதீங்க! அவ கிடக்கறா, விடுங்க. அந்தப் பாட்டுல ஒரு பியானோ வருமே, அதுக்காகவாவது இருங்க."

"அதுல அப்படி என்ன இருக்கு?"

"கேலம் பாட்டுக்குத் திட்டிக்கிட்டே போவான். பியானோ மட்டும் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுக்கற மாதிரி வரும். எங்கப்பா செத்த வாரம் நான் தூங்கினதே அதைக் கேட்டுத்தாங்க." மர்டோவின் குரல் தாழ்ந்தது. "வாசிச்சது யாருன்னு யாருக்கும் தெரியாது. ஆல்பம் உறைல பேரே இல்ல. வேற யாரையும் அந்த இடத்துல உக்கார வைக்கமாட்டேன்னு கேலம் பிடிவாதம். அதனால அந்தப் பாட்டை மேடையில வாசிச்சதே கிடையாது. இன்னிக்காவது வந்துடுமான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்."

கிர்ஸ்டி அவனையே பார்த்தாள்.

"நிஜமாவே தூங்கினீங்களா?"

"சத்தியமா."

கதவு திறந்தது. அவள் போகவில்லை. அவனோடு உள்ளே வந்தாள்.

பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. மர்டோ எல்லா வரிகளையும் கூடவே கத்திப் பாடினான். பாதி பீர் அவன் சட்டையில்தான் கொட்டியது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் கேலம் நிறுத்தினான். தலை நன்றாக நரைத்திருந்தது. மேடை ஓரத்தில் ஒரு பியானோ ஆளில்லாமல் நின்றது.

"இதை வாசிச்சவங்களைக் கூப்பிட்டிருந்தேன். பதில் வரல. நியாயம்தான். இங்க எங்கயாவது இருந்தா... இல்லன்னா இதோட முடிச்சுக்கலாம்."

"அடச்சே!" மர்டோவின் முகம் தொங்கிப்போனது.

பக்கத்தில் கிர்ஸ்டி மழைக்கோட்டைக் கழற்றினாள்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

கோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தாள்.

மர்டோவுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் தலைகால் புரியவில்லை.

"நான்தான்யா போகாதீங்கன்னு நிறுத்தினேன்! நான்தான்!" என்று வழுக்கைத் தலைக்காரரைப் பிடித்து உலுக்கினான்.

அரங்கமே ஆர்ப்பரித்தது. கிர்ஸ்டி பியானோ முன்னால் உட்கார்ந்தாள். கேலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"பாடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நீங்க எல்லாரும் திட்டற அந்தப் பொண்ணு இவதான். அப்ப நான் மொடாக்குடியன். அதை மட்டும் பாட்டுல எழுதாம விட்டுட்டேன்."

அரங்கம் அடங்கிப்போனது. மர்டோ கையிலிருந்த மழைக்கோட்டைப் பார்த்தான்.

"விட்டுப் போனவ, மிச்ச சாமானை எடுக்க ஒரு நாள் வந்தா. உன்னை ஊரே காறித் துப்பப்போகுது பாருன்னு, பதிவு பண்ணி வச்சிருந்த இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டா. 'பாட்டு நல்லா இருக்கு, ஒரு பியானோதான் குறையுது'ன்னு தானே உக்காந்து வாசிச்சுக் குடுத்தா. கிளம்பறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டா. 'என் பேரைப் போடாதே கேலம். போட்டா உன் பாட்டை யாரும் நம்பமாட்டாங்க.'"